ரிசீவர் தலைக்கு மேல் ஒரு மேகம்: அயனிமண்டலப் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு படத்தோடு வந்து நிற்பார்கள். ஜி.பி.எஸ். சிக்னலை வைத்து வரைந்த அயனிமண்டலக் குறுக்குவெட்டு, அதாவது மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்த அடுக்கின் படம். "அண்ணா, நம்ம ஊருக்கு மேல மட்டும் எலக்ட்ரான் குவிஞ்சு கிடக்கு, பாருங்க." ஐதராபாத் நிலையத்தையும் சேர்க்கச் சொன்னால், அங்கேயும் நிலையத்துக்கு நேர் மேலே ஒரு குவியல் வரும்.

ஆன்டெனாவின் ஆயத்தொலைவு தப்பு, கோப்பின் தேதி தப்பு என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடலாம். அவை ஒரே நாளில் பல்லிளித்துவிடும். ஆனால் இந்தக் குவியல் மாதக்கணக்கில் உண்மைபோல நடிக்கும்.

ரிசீவர் பயாஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது

எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்2 (1227.60 மெகாஹெர்ட்ஸ்) இரண்டும் அயனிமண்டலத்தில் வெவ்வேறு அளவு தாமதமாகின்றன. அந்த வித்தியாசத்திலிருந்துதான் வழியிலுள்ள மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை கிடைக்கிறது. ஒரு டெக் அலகு, அதாவது சதுர மீட்டருக்கு 10-இன் 16-ஆம் அடுக்கு எலக்ட்ரான், இரண்டுக்கும் இடையே உண்டாக்கும் வித்தியாசம் சுமார் 0.35 நானோ செகண்ட். ரிசீவரின் மின்சுற்றும் ஆன்டெனாவும் தம் பங்குக்கு இதே மாதிரி ஒரு வித்தியாசத்தைச் சேர்க்கின்றன. இதுதான் ரிசீவர் பயாஸ். அது பத்து, இருபது நானோ செகண்ட் வரைகூடப் போகும். ஒரு நானோ செகண்ட் பிசகினால் 2.85 அலகு பிழை. பத்து பிசகினால் 28 அலகுக்கு மேல். பெங்களூரில் விடிவதற்கு முன் மொத்தமே பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்.

குவியல் எப்படி வருகிறது? 450 கி.மீ. உயரத்தில் ஒரு மெல்லிய படலத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். 10 டிகிரி ஏற்றக்கோணத்தில் வரும் கதிர் நேர் மேலே இருந்து வருவதைவிட சுமார் 2.5 மடங்கு எலக்ட்ரானைக் கடக்கிறது. பயாஸோ எல்லாக் கதிரிலும் ஒரே அளவு. செங்குத்தாக மாற்றும்போது அந்த 28 அலகு தலைக்கு மேல் 28-ஆகவே நிற்கும், 10 டிகிரியில் வெறும் 11 ஆகச் சுருங்கிவிடும். பல கதிர்களைச் சேர்த்துக் குறுக்குவெட்டை வரையும் டோமோகிராபி நிரலுக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஒரே வழிதான்: நிலையத்துக்கு மேல் ஒரு மேடு. பயாஸ் எதிர்ப்பக்கம் பிசகினால் மேட்டுக்குப் பதில் பள்ளம்.

செயற்கைக்கோளின் மின்சுற்றுக்கும் இப்படி ஒரு பயாஸ் உண்டு. எரிச்சல் எதில் என்றால், செயற்கைக்கோள் பயாஸை ஒரு ஆய்வு மையத்திலிருந்தும் ரிசீவர் பயாஸை இன்னொரு மையத்திலிருந்தும் எடுத்துப் போடுவதில். அளவீட்டில் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. எல்லாச் செயற்கைக்கோள்களின் சராசரி பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது பிரிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. கணக்கில் சேர்த்த செயற்கைக்கோள்கள் மாறினால் பூஜ்யமும் நகரும், ரிசீவர் எண்ணும் நகரும். ஒரே மையம், ஒரே தேதி என்று இருங்கள். குறியையும் பாருங்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டினால் பிழை இரட்டிப்பாகும்.

உங்கள் சொந்த ரிசீவர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. நீங்களே கணக்கிட வேண்டும். செயற்கைக்கோள் பயாஸைக் கழித்த பிறகு, காந்தப்புயல் இல்லாத நாளில் அதிகாலை 3 முதல் 5 மணி வரையிலான, 30 டிகிரி ஏற்றக்கோணத்துக்கு மேலான தரவை மட்டும் எடுங்கள். ரிசீவர் பயாஸை மைனஸ் 30-இலிருந்து பிளஸ் 30 நானோ செகண்ட் வரை 0.1 படியாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் செங்குத்து மதிப்பாக மாற்றுங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கே ஒன்றோடொன்று நெருங்குகின்றனவோ, அதுதான் உங்கள் எண். ஏன் அதிகாலை? மாலையில் பெங்களூர் இரண்டுங்கெட்டான் இடம். காந்த நடுக்கோட்டுப் பள்ளம் தெற்கே, எலக்ட்ரான் முகடு வடக்கே, நடுவில் செங்குத்தான சரிவு. அந்தச் சரிவையும் நிரல் பயாஸ் என்று விழுங்கிவிடும்.

தினமும் கணக்கிட்டு ஒரு மாதத்துக்கு வரைந்து வையுங்கள். ஒரு நாள் இரண்டு நானோ செகண்ட் குதித்தால், யாராவது ஆன்டெனாவையோ ஸ்ப்ளிட்டரையோ ஃபர்ம்வேரையோ மாற்றியிருப்பார்கள். மெதுவாக ஏறி இறங்கினால் மொட்டை மாடி வெயிலைச் சந்தேகியுங்கள்.

சி1-ஐ பி1 என்று எடுத்துக்கொள்வது

இரண்டும் எல்1-இல் வரும் வெவ்வேறு கோட் அளவீடுகள். ரிசீவர் சி1 மட்டும் தந்தால் பி1-சி1 திருத்தத்தையும் போடுங்கள்.

உயரத்தை நம்புவது

தரையிலிருந்து மட்டும் பார்க்கும்போது கிடைமட்டக் கதிரே கிடையாது. உச்ச அடர்த்தி எந்த உயரத்தில் என்பது பெரும்பாலும் நீங்கள் தொடக்கத்தில் கொடுத்த ஐ.ஆர்.ஐ. (அயனிமண்டலத்தின் சராசரி நிலையைச் சொல்லும் சர்வதேச மாதிரி) மாதிரியின் உயரம்தான். சோதிக்க எளிய வழி: தொடக்க மாதிரியின் உச்சத்தை 50 கி.மீ. மேலே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். முடிவும் 50 கி.மீ. ஏறினால் தரவு வாயே திறக்கவில்லை என்று பொருள். அயனோசோண்ட் (தரையிலிருந்து மேலே ரேடியோ அலை அனுப்பி அடுக்கின் உயரத்தை அளக்கும் கருவி) இருந்தால் அதைச் சேருங்கள். 2019-இல் ஏவிய காஸ்மிக்-2 செயற்கைக்கோள்கள் 24 டிகிரி சாய்வில் சுற்றுவதால் அவற்றின் மறைப்புத் தரவு (பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறையும் ஜி.பி.எஸ். சிக்னலை அளந்தது) நம் அட்சரேகைக்கு நன்றாகவே கிடைக்கிறது. கிடைமட்டக் கதிர் என்றால் அதுதான்.

கணக்கீட்டுக் கட்டத்தை 1000 கி.மீ. உயரத்தில் முடிப்பது

ஜி.பி.எஸ். இருப்பது 20,200 கி.மீ. உயரத்தில். நடுவிலுள்ள பிளாஸ்மாமண்டலத்தின் சில அலகுகளும் கதிரில் வந்துவிட்டன. மேலே பெரிய பெரிய அடுக்குகளை வையுங்கள், அல்லது மாதிரி கொண்டு கழியுங்கள். இல்லாவிட்டால் அது மேல் வாக்ஸல்களில், அதாவது கட்டத்தின் மேல் பெட்டிகளில், போய் உட்கார்ந்துகொள்ளும்.

சோலார் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஆன்டெனா

பெங்களூர் மொட்டை மாடியில் இதைத் தவிர்ப்பது கஷ்டம்தான். பிரதிபலிப்பால் வரும் அலைவு நாளுக்கு நாள் சுமார் 4 நிமிடம் முன்னதாக அப்படியே திரும்ப வரும். இரண்டு நாள் தரவை 4 நிமிடம் தள்ளி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அகப்பட்டுவிடும். கூடவே, ஒரு செயற்கைக்கோளின் அறுபடாத தரவில் 30 நிமிடத்துக்குக் குறைவான துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். கோட் அளவீட்டோடு கேரியர் அலையின் அளவீட்டை (துல்லியமானது, ஆனால் தொடக்க எண் தெரியாதது) சமன் செய்யும்போது சின்னத் துண்டில் இந்த அலைவு சராசரியில் கரையாது.

மார்ச், செப்டம்பர் மாலைகள்

பிளாஸ்மா குமிழி (எலக்ட்ரான் குறைந்த பகுதி) வந்தால் சைக்கிள் ஸ்லிப், அதாவது கேரியர் எண்ணிக்கை திடீரெனக் குதிப்பது, கிட்டத்தட்ட நிச்சயம். ஒட்டுப்போடாதீர்கள், அங்கே துண்டைப் புதிதாகத் தொடங்குங்கள்.

நேரம்

ரிசீவர் தரவைச் சேமிக்கும் ரைனெக்ஸ் கோப்பில் இருப்பது ஜி.பி.எஸ். நேரம். இந்திய நேரமாக்க ஐந்தரை மணி கூட்டி 18 நொடி கழியுங்கள். அதிகாலை 3 மணி என்று மேலே சொன்னது உள்ளூர் சூரிய நேரம். பெங்களூர்க் கடிகாரத்தில் அப்போது 3:20.