ஷாட்கன் குறி தப்புகிறதா? கட்டையைக் கவனியுங்கள்

டெல்லி துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் டிராப் (எறியப்பட்டு எழும் களிமண் தட்டை ஷாட்கனால் சுடும் விளையாட்டு) பழகும் நம்மவர்களுக்காக. (வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, நமக்குக் களிமண் தட்டுதான்.)

ஷாட்கன் ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி. அதில் ரைஃபிள் போலப் பின்குறி (கண்ணுக்கு அருகில் இருக்கும் குறிபார்க்கும் அமைப்பு) கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் (தோளில் அணைக்கும் பின்பக்க மரப்பகுதி) எங்கே பதிகிறதோ, அதைப் பொறுத்தே குண்டு போகும்.

ரேஞ்ச் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, சுமார் 15 மீட்டரில் பெரிய காகிதம் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். தோளுக்கு ஏற்றியதும் சுட்டுவிடுங்கள். நிதானமாகக் குறிபார்த்தால் கண் தானே திருத்திக்கொள்ளும், சோதனையே வீண். நாலைந்து தோட்டா போதும். துளைகள் நெருக்கமாக விழுந்த இடத்தைப் பாருங்கள்.

துளைகள் புள்ளிக்குக் கீழே இருந்தால், துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, கன்னம் படும் இடத்தில் டேப் ஒட்டி உயர்த்துங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றினால் இந்தத் தூரத்தில் துளைகள் விழும் இடம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஏறும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் பெரும்பாலும் கட்டை தடிமன். டிராப் துப்பாக்கி கொஞ்சம் மேலே அடிப்பது கோளாறு அல்ல, தட்டு ஏறிக்கொண்டே போகிறதே!

அப்புறம், தடிமனைக் குறைக்கக் கட்டையின் மரத்தை இழைப்பதை மட்டும் அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.