பாத்தியை விட்டு ஓடிய பையன்

எங்கள் சிறப்புப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன். கீரைப் பாத்திக்குக் கூட்டிப்போனால் போதும், கையை உதறிக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிடுவான். மூன்று வாரம் இதே கதை.

கையில் மண் ஒட்டுவதுதான் பிரச்சினை என்று நானே முடிவுகட்டினேன். தொடு உணர்வு கூடுதலாக உள்ள பிள்ளைகளிடம் அது சகஜம். கையுறை மாட்டினோம், கழற்றி எறிந்தான். கரண்டி கொடுத்தோம். எரு வாடையோ என்று தொழுவுரத்துக்குப் பதில் மண்புழு உரம் போட்டோம். ம்ஹூம்.

ஒரு புதன்கிழமை கரண்ட் இல்லை. அவனே வந்து பாத்தியோரம் குந்தி, முளைத்த வெந்தயத்தின் தலையில் தொங்கிய விதைத்தோலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். கையெல்லாம் ஈரமண்!

அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் மோட்டார். தினமும் பத்தரைக்கு, சரியாகத் தோட்ட நேரத்தில்தான் ஆயாம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார். எங்களுக்குப் பழகிப்போய் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அவன் காதைப் பொத்தியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அவன் உதறியது கையை.

சரி என்று எட்டு மணிக்கே தொட்டியை நிரப்பச் சொன்னோம். மறுநாளே வந்துவிட்டான். அப்பாடா! இப்போது பூவாளியை யாருக்கும் தருவதில்லை, அது வேறு பஞ்சாயத்து.