மலிவுப் பிஸ்டலில் சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பிஸ்டல் விலை விசாரிப்பவர்கள் அநேகமாக வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்காகத்தான் விசாரிக்கிறார்கள். நாட்டைப் பாராமல் விலையைப் பார்ப்பதே முதல் பிழை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல், மிகச் சிலரைத் தவிர, தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ முடியாது. லண்டனில் அந்தக் கதை 1997இலேயே முடிந்துவிட்டது. மிச்சம் அமெரிக்கா.

அங்கும் மாணவர் விசா, எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. "அண்ணாவிட்ட கிரீன் கார்ட் இருக்கு, அவர் தன்ர பேரில எடுத்துத் தருவார்" என்பது உதவியல்ல. கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையான வாங்குநர் நீங்கள்தானா என்று நேரே கேட்கும். தடையுள்ளவருக்காக வாங்கிக் கொடுத்தால் 15 ஆண்டு வரை சிறை. உரிமம் பெற்ற கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும்.

அடுத்தது காசு. கையில் 500 டொலர் இருக்கிறதென்று வையுங்கள். அதை முழுக்கத் துப்பாக்கியிலேயே கொட்டிவிட்டால் சுட்டுப் பழக ஒன்றும் மிஞ்சாது. 350க்குள் பிஸ்டலை அடக்குங்கள்; மிச்சம் தோட்டா, காதுக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல உறை, ஒரு நாள் பயிற்சிக்கு.

சின்னதாயிருந்தால் கைக்கு இலகு என்று நம்புவதும் பிழைதான். றூகர் எல்சிபி போன்ற, .380 என்ற தோட்டா வகையைச் சுடும் பொக்கற் பிஸ்டல் ஏறத்தாழ 270 கிராம். பாரம் குறையக் குறைய உதைப்பு முழுவதும் கையில் விழும், குழல் குட்டையென்றால் குறியும் தவறும். அதன் தோட்டாவும் வழமையாக 9 மி.மீ. தோட்டாவைவிட விலை கூட. கிளொக் 19 அளவிலான 9 மி.மீ. பிஸ்டல் பழகுபவருக்குத் தோதானது. பொலிஸ் கழித்துவிட்ட பழையவை மேலே உரசல்பட்டுக் கிடந்தாலும் உள்ளே பெரிதாகத் தேயாதிருப்பதுண்டு.

பழையது பார்க்கும்போது கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மகசீனை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி, ஸ்லைட்டை (மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னிழுத்து, தோட்டா அறை வெறுமையா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். பிறகு அவரைக் கொண்டே குழலைத் தனியே கழற்றுவித்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். உள்ளே வளையம்போல் நிழல் தெரிந்தால் குழல் ஒருமுறை வீங்கியிருக்கிறது. பேரமே வேண்டாம், வைத்துவிடுங்கள். மகசீன் வாயின் இரு உதடுகளில் வெடிப்போ வளைவோ இருந்தால் தோட்டா சிக்கும். அது மகசீனை மாற்றினால் தீரும் குறை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். மகசீன் கிடைக்காத பெயர் தெரியாத மொடலை எவ்வளவு மலிந்தாலும் எடுக்காதீர்கள்.

பிஸ்டலோடு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ கடைக்காரர் தரவேண்டும் என்பது சட்டம். பலர் அதைப் பிரிப்பதேயில்லை. திறப்பைச் சாமித்தட்டில் வைத்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எண் பூட்டுப் பெட்டி நல்லது, ஆனால் எண்ணாகப் பிறந்த திகதியைப் போடாதீர்கள்.