பல்பை மாற்றும் முன்: பைக் ஹெட்லைட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து செக்கானூரணியைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் இரவில் போகிறவர்களுக்கும், மேலூரில் இறங்கிக் கிராமச் சாலைகளில் வீடு திரும்புகிறவர்களுக்கும் பொதுவாக ஒரு மனக்குறை உண்டு: வண்டியில் வெளிச்சம் போதவில்லை. நியாயமான குறைதான். 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் கம்பெனி கொடுக்கும் ஹாலஜன் பல்பு 35 வாட். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனதும் நாம் கேட்கும் கேள்வி, 'இதைவிடப் பிரகாசமாக என்ன இருக்கிறது?' என்பது. விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, இருக்கும் பல்புக்கு மின்சாரம் முழுதாக வந்து சேர்கிறதா என்று பார்க்காதது. ஹாலஜன் பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். டிம்–பிரைட் சுவிட்சுக்குள் கருத்துப்போன முனைகள், ஆட்டம் கண்ட ஹோல்டர், துருப்பிடித்த எர்த் இணைப்பு என எதுவும் காரணமாக இருக்கலாம். பேட்டரியிலிருந்து ஹெட்லைட் எரியும் வண்டி என்றால், என்ஜினை ஓடவிட்டு, விளக்கு எரியும்போதே பேட்டரியிலும் ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பல்பைப் போட்டாலும் பாதி வெளிச்சம் வழியிலேயே கரைந்துவிடும்.

டூமையும், அதாவது முகப்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூட்டையும், பாருங்கள். வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பு, உள்ளே மங்கிப்போன ரிஃப்ளெக்டர் இவற்றுக்குப் பல்பு மருந்தாகாது. பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மிக நல்ல மேம்பாடு, அதே மாடலுக்கான ஒரிஜினல் டூமைப் புதிதாகப் போடுவதுதான் என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலத்தில் ஈசல் அடித்து ஒட்டிய கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பதற்குக் காசே வேண்டாம்.

அடுத்தது கோணம். சர்வீசுக்கு விடும்போது ஹெட்லைட் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையில், டயரில் காற்று சரியாக இருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்காருங்கள். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் இன்னொருவர் சாக்பீஸ் கோடு போடட்டும். டிம்மில் வைத்தால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதற்கும் மிகக் கீழே விழுந்தால் சாலையை வீணாக இழக்கிறீர்கள். மேலே போனால் மரத்துக்கு வெளிச்சம் காட்டுகிறீர்கள். டூமைப் பிடித்திருக்கும் போல்ட்டையோ சரிசெய்யும் திருகையோ திருப்பினால் போதும்.

பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடியும் முன்னே காய்கறி மூட்டையோடு மாட்டுத்தாவணிக்கு வருகிறவரின் வண்டியில் பின்புறம் அமுங்கி முன்புறம் தூக்கிக்கொண்டிருக்கும். தனியாக உட்கார்ந்து வைத்த கோணம் அப்போது எதிரே வருகிறவரின் முகத்துக்கு நேராகப் போகும். தினமும் பாரம் ஏற்றுகிறவர்கள் பாரத்தோடுதான் கோணத்தை வைக்க வேண்டும்.

இப்போது எல்.இ.டி. பல்பு. இன்று அதிகம் நடக்கும் தவறும், அதிக ஆபத்தைத் தரும் தவறும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹாலஜன் பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள் உண்டு. டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்தே ரிஃப்ளெக்டரின் வளைவை வடிவமைக்கிறார்கள். விலை குறைந்த எல்.இ.டி. பல்புகளில் ஒளி தரும் சில்லுகள் அந்த இடத்தில் இருப்பதில்லை. தகடும் சரியாக அமைவதில்லை. விளைவு, வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. ஓட்டுகிறவருக்கு முன்னால் பளிச்சென்று தெரிவதால் பணம் வீண்போகவில்லை என்று தோன்றும். எதிரே வருகிறவருக்கோ டிம்மும் பிரைட்டும் ஒன்றுதான்.

இதைப் பிறருக்கான மரியாதை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. கண் கூசிய லாரி ஓட்டுநர் இரண்டு மூன்று நொடி எதையும் பார்க்காமல் உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருப்பார். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் அவருடைய கண்ணும் உங்கள் பாதுகாப்பின் ஒரு பகுதி.

எல்.இ.டி. போட்டே ஆக வேண்டும் என்றால், சில்லுகள் இடம் வலமாகப் பார்க்கும்படி பொருத்திவிட்டு அதே சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள். டிம்மில் மேல் விளிம்பு தெளிவாக வெட்டினாற்போல் தெரியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அது உங்கள் டூமுக்கான பல்பு அல்ல. பின்னால் இருக்கும் குட்டி விசிறியை ரப்பர் மூடிக்குள் திணித்து அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் விரைவில் எரிந்துபோகும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல் என்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து நேராக மாறுமின்சாரமாக வரும். அதில் சாதாரண எல்.இ.டி. துடிக்கும், ஆக்சிலேட்டர் குறைந்தால் மங்கும்.

வாட்டைக் கூட்டுவது இன்னொரு குறுக்குவழி. 35 வாட் ஹெச்.எஸ்.1 பல்பு இருந்த டூமில் 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹெச்4 பல்பை, அடித்தட்டின் காதுகளை அரத்தால் ராவி உட்காரவைக்கிறார்கள். 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 போடுகிறார்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு உரியும், சுவிட்ச் கருகும். இன்னொன்றும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் தயாராகும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க முடியாது. அதனால் இரவுக்கென்று போட்ட 100 வாட், மத்தியான வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதும் பேட்டரியைத் தின்னும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. நீலம் கலந்த வெண்மை கடையில் கவர்ச்சியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தார்ச்சாலையிலும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போது சூழும் மூட்டத்திலும் அது கண்ணுக்கே திரும்பி அடிக்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள்; எண் கூடக் கூட நீலம் கூடும். 6000 கெல்வினுக்கு மேல் போகாதீர்கள். 4300 கெல்வின் அளவில் கிடைத்தால் இன்னும் நல்லது. முன் சக்கரத்துக்கு அருகிலேயே வெள்ளமாக வெளிச்சம் கொட்டுவதும் நல்லதல்ல. பக்கத்து வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்கிக்கொள்வதால் தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகிவிடும். பார்க்க வேண்டியதோ தூரம்தான்: 60 கிலோமீட்டர் வேகத்தில், பார்த்து, பிரேக் பிடித்து நிற்க உலர்ந்த சாலையிலேயே 45 முதல் 50 மீட்டர் வேண்டும். வேகம் 80 ஆனால் அது 70 மீட்டரைத் தாண்டும். பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டரும், தை மாதத்தில் நத்தம் சாலையோரம் இருட்டிலேயே பழனிக்கு நடக்கும் பக்தர்களும் டிம் வெளிச்சத்தின் விளிம்பில்தான் திடீரென்று தெரிவார்கள்.

கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்கள் வயரை உரித்து ஹெட்லைட் வயரிலேயே முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ், நடுவில் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும். ரிலேயை இயக்கும் வயரை பிரைட் இணைப்பிலிருந்து எடுத்தால், டிம் அடித்தவுடன் கூடுதல் விளக்கும் தானே அணையும். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன.

இவ்வளவும் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்றி வைசரைப் பாருங்கள். நுண்ணிய கீறல்கள் எதிர் வெளிச்சத்தை முகம் முழுக்கப் பரப்பிவிடும். கறுப்பு வைசர் இரவுக்கு ஆகவே ஆகாது. எதிர் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, சில மாதங்களாகக் கூச்சமும் அதிகமாகிவிட்டது என்றால் கண்புரை ஆரம்பித்திருக்கலாம். 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் நம் மதுரை. நாற்பதைத் தாண்டியவர்கள் பல்புக் கடைக்குப் போகும் முன் ஒரு முறை கண் பரிசோதனைக்குப் போய்வரலாம்.