காப்பர் டி வலி: இன்றிரவே போகணுமா, காலை வரை பொறுக்கலாமா?

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால், பாதி நேரம் காப்பர் டி (கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற சாதனம்) விஷயமாகத்தான் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியராக 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாகிவிட்டது. இருந்தாலும் செங்கம் பக்கத்து ஊர்களில் என் நம்பர் இன்னும் கை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. "நர்சம்மா, காப்பர் டி போட்டிருக்கேன், அடிவயிறு பிடுங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று அந்தப் பெண் கேட்கும்போதே, பின்னால் மாமியார், "அந்த லூப்பை முதல்ல எடுத்துத் தொலைக்கச் சொல்லு" என்பது கேட்கும். 1965-ல் அரசாங்கம் கொண்டுவந்த அந்தப் பழைய லூப் புழக்கத்தில் இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்று நான் முதலில் கேட்பதில்லை. கேட்டால் "பரவால்லம்மா" என்றுதான் பதில் வரும். பிரசவ வலியிலேயே அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். நான் முதலில் கேட்பது தேதி: "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தப்புதான். என் தம்பி மனைவி காப்பர் டி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள், சமையல்காரரோடு தேங்காய்க் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, வலது பக்கம் அடிவயிறு வலிக்குது" என்று போன் பண்ணினாள். "தீட்டு வந்துச்சா?" என்றேன். "போன வாரம் வந்துச்சு" என்றாள். வாய்வாக இருக்கும், சாப்பிட்டுவிட்டு வலி மாத்திரை போட்டுப் படு என்று சொல்லிவிட்டேன். விடியற்காலை குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஸ்கேனில் பார்த்தால் கருக்குழாயில் கரு, வயிற்றுக்குள் இரத்தம். ஆபரேஷன் செய்து, இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். போன வாரம் வந்தது தீட்டே இல்லை. ஒன்றரை நாள் கொஞ்சமாகக் கறுப்பாகப் பட்டிருக்கிறது, அதைத்தான் அவள் தீட்டு என்று நினைத்திருக்கிறாள். நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது தேதியோடு நிறுத்துவதில்லை. "எப்பவும் வர மாதிரியே வந்துச்சா? அதே நாள் கணக்கு, அதே அளவு?" என்று கேட்பேன். நாள் தள்ளியிருந்தாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகவோ வேறு நிறத்திலோ பட்டிருந்தாலோ, கார்டு டெஸ்ட் (சிறுநீரை விட்டுக் கரு இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது) பார்த்தே ஆக வேண்டும். காப்பர் டி இருக்கும்போது எப்படிக் கரு தங்கும் என்பார்கள். ஒரு வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தங்கும், உண்மைதான். ஆனால் அப்படித் தங்கிவிட்டால், அது கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கார்டு துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கும். நாள் தள்ளியிருந்தால் காலை முதல் சிறுநீருக்காகக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியே பார்க்கலாம். இரண்டு கோடு வந்து, வயிற்றிலும் வலி இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே கிளம்புங்கள்.

கார்டில் ஒரு கோடுதான் வந்தது, ஆனால் ஆள் துவண்டு போகிறாள் என்றாலும் கிளம்ப வேண்டியதுதான். எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குளிர்ந்த வேர்வை, தோள்பட்டை நுனியில் வலி, இவற்றுக்கு நான் எந்தக் கார்டையும் பார்க்கச் சொல்வதில்லை. வயிறு வலிக்கும்போது தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உள்ளே கசிந்த இரத்தம் நுரையீரலுக்குக் கீழே இருக்கிற உதரவிதானத்தைத் தொட்டால், அதன் நரம்பு வலியைத் தோளில் காட்டும். படுத்தால் அது கூடும். தூக்கத்தில் கழுத்து பிசகியிருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த கேள்வி, காப்பர் டி எப்போது போட்டது என்பது. தேதி நினைவில்லை என்றால், போட்ட அன்று கொடுத்த அட்டையை எடுக்கச் சொல்வேன். பெரும்பாலும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருப்பார்கள். போட்ட தேதி, எந்த வகை, எப்போது எடுக்கணும் எல்லாம் அதில் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் போடுவதில் 380ஏ என்றால் பத்து வருடம், 375 என்றால் ஐந்து வருடம்.

போட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது, தீட்டு வலி மாதிரி இழுத்து இழுத்து வலிக்கிறது, இடுப்பு கடுக்கிறது, லேசாகப் படுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. கர்ப்பப்பைக்குள் புதிதாக ஒரு பொருள் போனதும் அது சுருங்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை தீட்டு நாட்களில் வலியும் போக்கும் கூடுதலாக இருப்பதும் காப்பர் டி-யில் வழக்கம். இங்கே நான் கவனிப்பது வலி கூடுகிறதா, குறைகிறதா என்பதை. நேற்றைவிட இன்று குறைவு என்றால் சரி. நேற்று குறைந்து, இன்று திடீரென்று கூடியிருந்தால் சரியில்லை. ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிட்டு, இப்போது புதிதாக வலி என்றாலும் காரணம் பார்க்க வேண்டும்.

காய்ச்சலைக் கையால் தொட்டுச் சொல்வதை நான் ஏற்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்து 100.4-க்கு மேல் இருக்கிறதா என்று சொல்லச் சொல்வேன். போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அடிவயிற்று வலியோடு காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், வீட்டுக்காரரோடு சேரும்போது உள்ளே வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். குளிர் நடுக்கம், வாந்தி, தொட்டாலே வயிறு வலி என்று சேர்ந்துவிட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

இரத்தப்போக்குக்கு "அதிகமா?" என்று கேட்டுப் பயனில்லை. நாப்கின் கணக்குதான் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே போகணும். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனாலும் அப்படியே. துணி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. துணியை மாற்றிய நேரத்தைச் சுவரில் இருக்கிற காலண்டரிலேயே எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

காப்பர் டி-யின் நூல் கைக்குத் தட்டுகிறதா என்று பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நகம் வெட்டியிருக்க வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலைப் பிறப்புறுப்புக்குள் மெதுவாக விட்டால், ஆழத்தில் ஒரு குமிழ் தட்டும். உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அதே மாதிரி இருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். அதிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி இரண்டு நூல் வரும். நூல் எப்போதும் போல் தட்டினால் சரி. இழுக்க வேண்டாம், இழுத்துப் பார்க்கிற ஆர்வமே வேண்டாம்! நூல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தாலோ, நூலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் முனை கெட்டியாகத் தட்டினாலோ, காப்பர் டி பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பெண்ணுக்கு வீட்டுக்காரர் "ஏதோ குத்துது" என்று சொல்லித்தான் தெரிந்தது, அவள் ஒரு வாரமாக அதைச் சூட்டு வலி என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு இப்படி இறங்கிவிடும், அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் அதிகம்.

நூல் தட்டவே இல்லை என்றால், வலியோ போக்கோ இல்லாதவரை ராத்திரி ஓட வேண்டிய அவசரம் இல்லை. நூல் மேலே சுருண்டு போயிருக்கலாம். சிசேரியனோடு உள்ளே வைத்தவர்களுக்கு நூல் கீழே இறங்காமலே இருப்பதும் உண்டு. ஆனால் அந்த வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும், அதுவரை ஆணுறை. ஸ்கேனிலும் தெரியவில்லை என்றால் "விழுந்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள், வயிற்று எக்ஸ்ரே கேளுங்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். வலியோடு நூலும் காணவில்லை என்றால் ஒரு வாரம் எல்லாம் இல்லை, அன்றைக்கே.

போனில் கடைசியாக ஒன்று செய்யச் சொல்வேன். எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு, ஒரு தடவை இருமச் சொல்வேன். நிமிர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால், இருமும்போது உயிர் போகிற மாதிரி இருந்தால், காரணம் காப்பர் டி-யோ வேறெதுவோ, காலை வரை வைத்திருக்க முடியாது. காப்பர் டி இருக்கிறது என்பதற்காக எல்லா வலியும் அதன் தலையில்தான் விடிய வேண்டும் என்பதில்லை. தொப்புளில் ஆரம்பித்து வலப்பக்கம் இறங்கினால் குடல்வால், விலாப் பக்கத்திலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கினால் சிறுநீரகக் கல், ஒரு பக்கம் திடீரென முறுக்கி வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கு. எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

இத்தனை கேள்வியிலும் எதுவும் மாட்டவில்லையா? தீட்டு ஒழுங்காக வந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை, நடக்க முடிகிறது, வலி தீட்டு வலி மாதிரிதான் என்றால் வீட்டிலேயே ஒரு ராத்திரி பார்க்கலாம். வெந்நீர்ப் பை வையுங்கள். இபுப்ரோஃபென் அல்லது மெஃபனமிக் ஆசிட் மாத்திரை, சாப்பிட்ட பிறகு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கரு தங்கியிருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்களும் இவற்றைத் தவிர்த்து பாராசிட்டமால் போடலாம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதை நான் தடுப்பதில்லை, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டு வந்து படுப்பது வேண்டவே வேண்டாம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை, இரண்டாவது வேளைக்குப் பிறகும் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.

கிளம்புவது என்று முடிவானால் 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், வழியில் மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் இருக்காது. மயக்கம், அதிகப் போக்கு, இரண்டு கோடு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரம் போக்காமல், ஸ்கேனும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி, சீமாங் சென்டர் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) இருக்கிற இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். போகும்போது சாப்பாடு, காபி வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். காப்பர் டி அட்டை, ஆதார், பழைய ஸ்கேன், போட்ட மாத்திரையின் அட்டை, இவை கையில் இருக்கட்டும். அங்கே போய் "வயிறு வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "காப்பர் டி இருக்கு, நாள் தள்ளியிருக்கு, ஒரு பக்கம் வலி, மயக்கம் வருது" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், சில நேரம் பெண்ணால் பேச முடியாது.

ராத்திரி யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 104-க்குப் போட்டு விசாரிக்கலாம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

வலி என்றதும் எடுத்துவிடச் சொல்கிற மாமியாருக்கு ஒரு வார்த்தை. எடுப்பதும் வைத்துக்கொள்வதும் மருமகள் விருப்பம், எப்போது கேட்டாலும் எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் கிருமித் தொற்று என்றால்கூட எடுத்தே ஆகணும் என்பதில்லை. மாத்திரை கொடுத்து இரண்டு மூன்று நாளில் குறைகிறதா என்று பார்ப்பார்கள், குறையாவிட்டால்தான் எடுப்பார்கள். அவசரப்பட்டு எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போன ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரரோடு சேர்ந்திருந்தால், எடுத்த அந்த மாதமே கரு தங்கலாம். எடுக்கும்முன் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடச் சொல்லுங்கள்.