வாகனத்தில் ரைஃபிளை எடுத்துச் செல்லும் முறை

சுடுதளத்தில் நிற்கும்போது நம் கவனம் முழுவதும் ரைஃபிளின் மீதே இருக்கிறது. வாகனத்தில் செல்லும்போதோ கவனம் சாலையில் இருக்கிறது, ரைஃபிள் நம் பார்வைக்கு அப்பால் பின்னால் கிடக்கிறது. அதனால் பயணத்துக்கு வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தையும் வண்டி புறப்படும் முன்பே செய்து முடித்துவிட வேண்டும். போய்ச் சேரும் வரை அந்தப் பெட்டியை யாரும் தொட வேண்டிய தேவையே எழக்கூடாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லவிருப்பவை எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன. ரைஃபிள், தோட்டா, மனிதக் கை ஆகிய மூன்றும் வழியில் எங்கும் ஒன்றுசேரக் கூடாது. பல நாடுகளின் சட்டங்களும், சொற்கள் வேறுபட்டாலும், இதைத்தான் கேட்கின்றன.

முதலில் சட்டம். கனடாவில் சாதாரண வகை ரைஃபிளைக் கொண்டுசெல்லும்போது அதில் தோட்டா இருக்கக் கூடாது. வண்டியை ஆளில்லாமல் நிறுத்திச் செல்வதானால் ரைஃபிளைப் பூட்டிய டிக்கியில் வைக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியானால் வெளியிலிருந்து கண்ணில் படாதபடி வைத்து வண்டியைப் பூட்ட வேண்டும். கட்டுப்பாட்டு வகைத் துப்பாக்கியாக இருந்தால் இவற்றோடு விசையோ (ட்ரிகர்) போல்ட்டோ (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பகுதி) இயங்காதபடி தடுக்கும் பூட்டும், உள்ளிருப்பது தெரியாத பூட்டிய பெட்டியும், கொண்டுசெல்வதற்கான அனுமதியும் தேவை. அமெரிக்காவில் 1986-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஓரிடத்திலிருந்து அவ்வாறே வைத்திருக்கக்கூடிய இன்னோர் இடத்துக்கு மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு, வழியிலுள்ள மாநிலங்களின் சட்டங்களிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எளிதில் கைக்கு எட்டக் கூடாது, தனி டிக்கி இல்லாத வண்டியில் அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. டேஷ்போர்டில் உள்ள அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும், பூட்டியிருந்தாலும் பூட்டிய பெட்டியாகக் கணக்கில் சேரா. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் நடைமுறையில் உள்ளன. அங்கு உரிமத்திலேயே அது செல்லுபடியாகும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த எல்லையைத் தாண்டும் வாகனத்தில் ரைஃபிள் இருந்தால், அது எவ்வளவு பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தாலும் குற்றமே. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற ஆயுதங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் அங்கு வழக்கம். ஆகவே உரிமம் கையில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அந்தத் தேதியில் அந்த வழியில் வேறு தடை எதுவும் இல்லை என்பதையும் புறப்படும் முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வழியில் நேரும் சிறு மாற்றம் சட்டநிலையையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். 2005-இல் ஒரு பயணி, கைத்துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில் வைத்து, விமானச் சரக்கில் அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள நூவர்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டதால், பெட்டியைப் பெற்றுக்கொண்டு இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் அதே துப்பாக்கியைத் தாமாகவே மீண்டும் அறிவித்தபோது கைதானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது; ஆனாலும் அவர் தொடுத்த வழக்கில், ஓட்டலில் இருந்த இரவு முழுவதும் துப்பாக்கியும் தோட்டாவும் அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தன, எனவே 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரிடம் கெட்ட நோக்கம் எதுவும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பயணம் இடையில் நின்றுபோனது. நீண்ட தூரம் செல்பவர்கள் இரவு எங்கே தங்குவது என்பதையும், அந்த ஊரின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே. கூடியவரை நேர்வழியில், இடையில் தங்காமல் செல்வது நல்லது.

இனி ரைஃபிளைக் காலிசெய்யும் முறைக்கு வருவோம். இதை அவசரமின்றி, நல்ல வெளிச்சத்தில், ரைஃபிள் வைக்கப்பட்டிருக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். வண்டியின் கதவருகே நின்றுகொண்டு ஒருபோதும் செய்யக் கூடாது. குழலின் வாய் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, முதலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே போல்ட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்தால், அறையில், அதாவது குழலின் பின்முனையில் சுடுவதற்காகத் தோட்டா அமரும் இடத்தில், இருந்த தோட்டா துள்ளி வெளியே விழும். விழுந்ததைக் கண்ணால் கண்டவர், காலியாகிவிட்டது என்ற நிம்மதியோடு போல்ட்டை முன்னே தள்ளுவார். அந்தக் கணத்திலேயே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறி அறைக்குள் உட்கார்ந்துவிடும். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை. கழற்ற முடியாத குழாய் மேகசின் கொண்ட ரைஃபிள்களில் இன்னும் கவனம் வேண்டும். கடைசித் தோட்டா ஒன்று குழாய்க்குள்ளேயே சிக்கி நின்று, வண்டியின் குலுக்கலில் நகர்ந்து வரக்கூடும்.

போல்ட் திறந்த பிறகு அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும், தொட்டும் பார்க்க வேண்டும். பெரிய அளவுத் தோட்டாக்களுக்கான அறையில் சுண்டுவிரலின் நுனியை வைத்தால், காலியாக இருக்கும்போது எஃகின் விளிம்பும் அதற்கு நடுவே வெறும் துளையும் விரலுக்குத் தெரியும். தோட்டா இருந்தால் அதன் தட்டையான பித்தளை அடிப்பாகம் விரலை நிறுத்தும். மிகச் சிறிய தோட்டாக்களைச் சுடும் இருபத்திரண்டு காலிபர் ரைஃபிளின் அறையோ விரல் நுழையாத அளவுக்குச் சிறியது. அதற்குச் சிறு டார்ச்சைப் பயன்படுத்துங்கள். அதைவிட மேலானது பாதுகாப்புக் கொடி. கண்ணைப் பறிக்கும் நிறத்திலான இந்தப் பிளாஸ்டிக் துண்டின் ஒரு முனை அறைக்குள் நுழைந்திருக்க, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறையில் தோட்டா இருந்தால் கொடி உள்ளே இறங்காது. கொடி இருக்கும் வரை தோட்டா ஏறாது. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும் யாருக்கும், அது காவலராயினும் போட்டி நடுவராயினும், ஒரே பார்வையில் துப்பாக்கியின் நிலையைச் சொல்லிவிடும் பொருள் இதைப் போல வேறொன்று இல்லை.

போல்ட்டைக் கழற்றக்கூடிய ரைஃபிளானால் அதைக் கழற்றித் தனியே வைப்பதே என் பரிந்துரை. போல்ட் இல்லாத ரைஃபிளால் சுட முடியாது. களவு போனாலும் திருடனுக்கு உடனே பயன்படாது. சுடாமல் தடுக்கும் சேஃப்டியை நம்பிப் பயணம் செய்யாதீர்கள். அது தேயவும் நழுவவும் கூடிய ஓர் இயந்திரப் பகுதி. காலியான அறைக்கு அது ஈடாகாது.

பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துணி உறை கீறலிலிருந்து காக்கும். ஆனால் அதைப் பூட்டவும் முடியாது, அது அழுத்தத்தையும் தாங்காது. கெட்டியான பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியே வாகனத்துக்கு ஏற்றது. உள்ளே உள்ள நுரை மெத்தை ரைஃபிளை அசையவிடாமல் பிடித்திருக்க வேண்டும். குறிப்பாக, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மீது மூடியின் எடை இறங்கக் கூடாது. பெட்டியை மூடி இரு கைகளாலும் தூக்கி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் நகரும் ஒலி கேட்டால் அது பயணத்துக்குத் தயாராகவில்லை. இரண்டு இடங்களில் பூட்டுங்கள்; ஒரே பூட்டானால் மறுமுனையை நெம்பித் திறந்து கையை நுழைத்துவிடலாம். வெளிப்புறத்தில் துப்பாக்கி நிறுவனத்தின் சின்னமோ ஒட்டுப்படமோ எதுவும் வேண்டாம். வண்டியின் கண்ணாடியிலும் அவ்வாறே.

தோட்டாக்கள் தனிப் பெட்டியில், வேறிடத்தில் இருக்க வேண்டும். அவற்றை வாங்கிய அட்டைப் பெட்டியிலோ வரிசையாக நிறுத்தும் பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்து, எண்ணி, எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேகசினில் தோட்டாக்களை நிரப்பியபடி எடுத்துச் செல்ல வேண்டாம். அது துப்பாக்கியில் பொருத்தப்படாமல் இருந்தாலும், பக்கத்தில் இருப்பதையே தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்குச் சமமாகக் கருதும் சட்டங்களும் உண்டு. எண்ணும் வழக்கம் எனக்கு ஒரு தவறுக்குப் பிறகே வந்தது. ஒருமுறை சுடுதளத்திலிருந்து திரும்பிப் பெட்டியைத் துடைக்கும்போது, நுரை மெத்தையின் மடிப்பிலிருந்து இருபத்திரண்டு காலிபர் தோட்டா ஒன்று உருண்டு வந்து மேசை மீது நின்றது. ரைஃபிளும் தோட்டாவும் ஒரே பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் என்னோடு பயணம் செய்திருக்கின்றன, எனக்கே தெரியாமல். அன்றிலிருந்து சட்டைப்பை, கையுறை, சுடும் பாய், பெட்டியின் மூலைகள் அனைத்தையும் தடவிப் பார்த்த பிறகே மூடியைப் பூட்டுகிறேன்.

வெயிலில் நிறுத்திய மூடிய வாகனத்தின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். ஒரு மதியப் பொழுதில் தோட்டா தானாக வெடித்துவிடாது என்றாலும், நாட்கணக்கில் அந்தச் சூட்டிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் வெடிமருந்து தரம் கெடும்; சுடும்போது குண்டின் வேகமும் குறியும் மாறும். சுடும் நாளுக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

வண்டிக்குள் பெட்டியை டிக்கியில் குறுக்காகப் படுக்க வைத்தால், குழலின் வாய் யார் இருக்கையையும் நோக்காது. பெட்டியைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். திடீரென்று பிரேக் போட்டாலும் மோதல் நேர்ந்தாலும் கட்டப்படாத பெட்டி முன்னோக்கிப் பாய்ந்து பயணிகளைக் காயப்படுத்தும். பயணிகள் பகுதியும் சரக்குப் பகுதியும் ஒன்றாகவே உள்ள வண்டிகளில் பெட்டியைப் பின்கோடியில் வைத்து, போர்வையால் மறைத்து, எஃகுக் கம்பி வடத்தை அதன் கைப்பிடி வழியாகச் செலுத்தி இருக்கையின் அடிச்சட்டத்தோடு பூட்டலாம். பெட்டியின் சாவியை வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், வண்டியைக் கடன் வாங்கும் உறவினர் கையிலும் நிறுத்துமிடப் பணியாளர் கையிலும் துப்பாக்கியையே கொடுத்ததாகிவிடும். உரிமம் இல்லாத ஒருவர் ரைஃபிள் உள்ள வண்டியைத் தனியே ஓட்டிச் சென்றால் அவரும் சிக்கலில் மாட்டுவார், உரிமம் பெற்றவரும் மாட்டுவார்.

வண்டியை விட்டு நீங்காமல் இருப்பதே வழியில் கடைப்பிடிக்க வேண்டிய முதன்மையான விதி. எரிபொருள் நிரப்பவோ உணவருந்தவோ இறங்கத்தான் வேண்டுமென்றால், உடன் வருபவர் ஒருவர் வண்டியருகே இருக்கட்டும். தனியே செல்பவர் வண்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமரட்டும். இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து பெட்டியைச் சரிபார்ப்பது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதாகும். இரவு வண்டியிலேயே விட்டுவைப்பது கூடவே கூடாது.

காவலர்கள் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் அவர்கள் பார்க்கும்படி வையுங்கள். சில இடங்களில் துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டக் கடமை. மற்ற இடங்களிலும், வண்டியைச் சோதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நாமாகச் சொல்லிவிடுவதே சரி. “என்னிடம் உரிமம் பெற்ற ரைஃபிள் இருக்கிறது. தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், டிக்கியில் வைத்திருக்கிறேன். உரிமம் என் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?” என்று அமைதியாகச் சொன்னால் போதும். அவர்கள் சொல்லாமல் எதையும் எடுக்கவோ திறக்கவோ வேண்டாம். உரிமத்தையும் போட்டி அழைப்பு அல்லது சுடுதள உறுப்பினர் அட்டையையும் தோட்டா, துப்பாக்கி இரண்டிலிருந்தும் விலகிய இடத்தில் வைத்திருங்கள். உரிமத்தில் உள்ள எண்ணும் ரைஃபிளில் பொறித்த எண்ணும் ஒன்றா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். விபத்து நேர்ந்து வண்டியை இழுத்துச் செல்ல வேண்டி வந்தால், வண்டியில் என்ன இருக்கிறது என்பதை வந்திருக்கும் காவலரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

பயணத்தின் ஒரு பகுதி விமானத்திலானால் அங்கு தனி விதிகள் உண்டு. ரைஃபிள் கெட்டியான பூட்டிய பெட்டியில், காலியாக, அறிவிக்கப்பட்டு, சரக்கில்தான் செல்லும். தோட்டாவுக்குப் பன்னாட்டு விதிகளின்படி பொதுவான வரம்பு ஒருவருக்கு 5 கிலோ. இதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே பெற்றிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும், சுடுதளத்தின் விதிப்படி சொல்லப்பட்ட இடத்தில் மட்டும் பெட்டியைத் திறந்து, கொடி இருக்கிறதா என்று பார்த்து, அறையை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் இதே வரிசை முழுவதும் பொருந்தும். களைப்போடு வரும் நேரம் என்பதால் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் தோட்டாக்களை எண்ணித் தாளில் குறித்த கணக்கோடு ஒப்பிட்டுப் பூட்டி வையுங்கள். குளிர்ந்த வண்டியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு வந்த எஃகின் மீது ஈரம் படியும் என்பதால், ரைஃபிளைப் பெட்டிக்குள்ளேயே வைக்காமல் வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, போல்ட்டைத் தனியாகவும் ரைஃபிளை அதற்குரிய அலமாரியிலும் வைத்துப் பூட்டுங்கள். நுரை மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; காலியான பெட்டியைத் திறந்தபடியே ஓரிரவு உலரவிடுங்கள்.