உள்ளே போகிற பாபின் எல்லாம் உங்கள் மெஷின் பாபின் இல்லை

கடையில் போய்த் தையல் மெஷினுக்கு பாபின், அதாவது கீழ் நூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை, வேண்டும் என்றால் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். எந்த மெஷின் என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. அப்படித்தான் ஒருமுறை பத்து பிளாஸ்டிக் பாபின் வாங்கி வந்தேன். என்னுடையது மேலிருந்து பாபின் போடுகிற மாடல். போட்டேன், உட்கார்ந்தது, மூடியும் மூடிக்கொண்டது. பிளவுஸ் கையில் நாலு விரற்கடை தைப்பதற்குள் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிவிட்டது. நூல் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகிப் பார்த்தேன், மேல் நூலை அவிழ்த்து மறுபடி கோத்தேன், கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பழைய பாபினையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, மேலே ஒரு ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் சாய்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

எல்லோரும் பாபினின் வட்டத்தைத்தான் பார்க்கிறோம். ஆளை ஏமாற்றுவது உயரம். வீட்டு மெஷின்களில் பரவலாக இருக்கும் கிளாஸ் 15 பாபின் சுமார் 20 மில்லிமீட்டர் அகலம், பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் உயரம். எல் கிளாஸ் பாபினும் கிட்டத்தட்ட அதே அகலம்தான், உயரம் மட்டும் 9 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உயரம் குறைந்தது உள்ளே குதித்துக்கொண்டே சுற்றும், கீழ் நூல் ஒரே சீராக வராது.

கம்பெனி பெயரை மட்டும் சொல்லி வாங்குவதும் தவறு. பிரதர் மெஷின்களிலேயே 11.5 மில்லிமீட்டர் பாபின் போடுகிற மாடலும் உண்டு, 9.2 போடுகிற மாடலும் உண்டு. மாடல் எண்ணைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, மெஷினோடு வந்த பாபின் ஒன்றைப் பர்ஸில் போட்டுக்கொண்டு போவது. தெருமுனைத் தையற்கடையில் இரவல் வாங்கும் பவர் மெஷின் (தொழிலுக்கான பெரிய மெஷின்) பாபினும் உயரம் குறைந்ததுதான், வீட்டு மெஷினுக்கு ஆகாது. பிளாஸ்டிக் பாபினுக்கென்று செய்த மெஷினில் இரும்பு பாபின் போடுவதும் வேண்டாம். எடை கூடினால் சுற்றும் வேகம் மாறும், பாபின் உட்காரும் இடமும் தேயும்.

அளவு சரியாக இருந்தும் நூல் சிக்குகிறதா? பாபின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சின்னக் கீறல் தட்டுப்பட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஊசிக்கு வருவோம். இங்கே நாம் பார்ப்பது 14, 16 என்கிற நம்பரை மட்டும். அது ஊசியின் பருமன்தான். பாக்கெட்டில் 90/14 என்று இருந்தால் ஊசித் தண்டு 0.9 மில்லிமீட்டர் என்று அர்த்தம். ஊசியின் ஜாதி என்ன என்பது அதே பாக்கெட்டில் தனியாக அச்சாகியிருக்கும். வீட்டு மெஷின் ஊசியில் எச்ஏ×1, 15×1, 130/705 எச் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். மெஷினில் மாட்டும் அதன் தலைப்பகுதி ஒரு பக்கம் சீவியது போலத் தட்டையாக இருக்கும். பவர் மெஷினுக்கான டிபி×1 (DB×1) ஊசிக்குத் தலை முழு உருண்டை. தலையின் பருமனும் குறைவு, 1.62 மில்லிமீட்டர்தான். வீட்டு ஊசிக்குச் சுமார் 2. அதனால் டிபி×1 வீட்டு மெஷினில் தாராளமாக நுழையும், திருகை இறுக்கினால் நிற்கவும் செய்யும். ஆனால் ஊசி உட்கார வேண்டிய இடத்தில் சரியாக உட்காராது. அடியில் இருக்கும் கொக்கிக்கு நூல் சிக்காது. தையல் விட்டு விட்டு விழும், அல்லது விழவே விழாது. நாம் என்னவோ மெஷின் கெட்டுவிட்டது என்று அலைவோம்.

சரியான ஊசியையே திருப்பி மாட்டினாலும் இதே கதைதான். ஊசியில் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கமிருந்து கோக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. முன்னாலிருந்து நூல் கோக்கும் மெஷினில் தட்டை பின்பக்கம் போகும். பழைய கறுப்பு மிதி மெஷின்களில் நூல் பக்கவாட்டில் கோக்கப்படும், அதனால் தட்டையும் பக்கவாட்டில்தான். புது மெஷினில் பழகியவர்கள் பாட்டி மெஷினில் உட்கார்ந்தால் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் துணி. பட்டு, ஷிபான் போன்ற மெல்லியவற்றுக்கு 9 அல்லது 11, லைனிங் வைத்த காட்டன் பிளவுஸுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. லெக்கிங்ஸ், டிஷர்ட் துணிக்கு நம்பரை எவ்வளவு மாற்றினாலும் பிரயோஜனமில்லை. சாதாரணக் கூர்முனை அந்த இழைகளைக் குத்தி அறுத்துவிடும். முனை சற்றே உருண்ட பால்பாயிண்ட் ஊசி வேண்டும், அது இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். எதுவானாலும் எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள். துணியில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அதற்கும் முன்பே.

அன்று வாங்கிய அந்தப் பத்து பாபின்களா? கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மட்டும் வீட்டுக் குழந்தையின் தீப்பெட்டி வண்டிக்குச் சக்கரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.